வயசு தடையில்லை, டைம்டேபிள்தான் தடை!

(கட்சியின் தொழிலாளர் அணி நடத்திய மாவட்டப் பயிலரங்கில், ‘தொழிற்பயிற்சியும் தொடர்கல்வியும்’ என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் முழுமையாகப் படித்து, தங்கள் பகுதித் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.)



வாரத்துல கிடைக்கிற ஒரே லீவு ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்தவங்களும் இருக்கீங்கன்னு மாவட்ட அமைப்பாளர் சொன்னார். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன்.

இன்னைக்கு நான் பேசப் போறது படிப்பைப் பத்தி. உங்க பிள்ளைங்க படிப்பு இல்லை, உங்க படிப்பு. 28 வயசுல, 35 வயசுல, 42 வயசுல ஒரு தொழிலாளி மறுபடியும் படிக்கணும்னு நினைச்சா, அதுக்கு இங்க என்ன ஏற்பாடு இருக்கு? இதுதான் கேள்வி.

தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னணியில் இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வி மாணவர் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பல தலைமுறைகள் போராடி வாங்கின பலன் அது. ஆனால் அந்த விகிதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையை அடிப்படையாக வைத்துத்தான் போடுகிறார்கள். அதாவது படிக்கிற வயசு 23-ஓட முடிஞ்சு போச்சுன்னு கணக்கே சொல்லுது. 24 வயசுல இருந்து 58 வயசு வரைக்கும் வேலை செய்யப் போறவனுக்கு நடுவுல ஒரு படிப்பு தேவைப்படும் என்கிற நினைப்பு அந்தக் கணக்கில் இல்லை.

ஏன் இதை இப்போ பேசணும்? பக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து, பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அதில் ஏராளம். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றுவிட்டது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. 2022-ல் மறைமலைநகர் ஆலையில் இருந்து கடைசி கார் வெளியே வந்தது.

இரண்டு இடத்திலும் தொழிலாளர்கள் போராடினார்கள், பணப்பலன் வாங்கினார்கள். சரி. அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? வீட்டுக் கடன், நகைக் கடன், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? அந்தப் பணம் தீர்றதுக்குள்ள அடுத்த வேலை கிடைக்கணும். அடுத்த வேலைக்கு என்ன தெரியணும், அதை எங்க கத்துக்கலாம், யாரைப் போய்க் கேட்கலாம்? எட்டு வருஷம் ஒரே லைன்ல ஒரே ஸ்டேஷன்ல நின்னவங்க அவங்க. அந்த ஸ்டேஷன் வேலையில அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அந்த ஸ்டேஷனே இல்லைன்னு ஆனப்போ, அந்தத் திறமைக்கு வெளியில பேரும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. சென்னை, ஓசூர், கோவை மூன்று இடத்திலும் வண்டி உதிரிபாகத் தொழில் பெரிய தொழில். மின்சார வண்டியில் பிஸ்டன் கிடையாது, சைலன்சர் கிடையாது, ஃப்யூயல் இன்ஜெக்டர் கிடையாது. பதினைந்து வருஷமாக எஞ்சின் பாகங்களைக் கடைந்து கொண்டிருக்கும் ஒரு தோழருக்கு இது செய்தித்தாள் செய்தி இல்லை. அவர் நிற்கிற மெஷினைப் பற்றிய செய்தி.

இதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருக்காங்க. ‘ரீஸ்கில்லிங் பண்ணிக்கங்க, அப்ஸ்கில்லிங் பண்ணிக்கங்க.’ கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்க பண்றது, எப்ப பண்றது, யார் காசுல பண்றதுன்னு கேட்டா பதில் வராது.

இந்த இடத்துல உங்களுக்கு ஒரு ஊர்க் கதை சொல்லணும். நம்ம ஊர் இல்லை, அமெரிக்கா.

அங்கே விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்று ஒரு ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையை நம்பியே வாழ்ந்த ஊர். 2008 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், ஆலை நின்றது. அதோடு அதை நம்பியிருந்த உதிரிபாகக் கம்பெனிகளும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அங்கே பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்களே, அந்த வகைக் கல்லூரி. உள்ளூர் மக்களுக்கான கல்லூரி, இரண்டு வருஷப் படிப்பு, குறுகியகாலப் படிப்பு, வேலை செய்துகொண்டே படிக்கிற படிப்பு. இந்த ஏற்பாடு அங்கே பழையது. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் முதல் பொதுக் கல்லூரி இப்படித் தொடங்கியது. இன்றைக்கு நாடு முழுவதும் சுமார் ஆயிரம் இருக்கின்றன. பல மாநிலங்களில் அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழுவை உள்ளூர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அப்படித்தான். நம்ம ஊர்ல கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி.

வேலை போனவர்கள் அந்த பிளாக்ஹாக் கல்லூரிக்குத் திரண்டு வந்தார்கள். கல்லூரி கூடுதல் வகுப்புகளைத் திறந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இருபது வருஷம், முப்பது வருஷம் ஆலையில் உழைத்தவர்களில் பலருக்குக் கம்ப்யூட்டரே தெரியவில்லை. எப்படி ஆன் செய்வது என்றே சிலருக்குத் தெரியவில்லை. கையால் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர்கள் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். கல்லூரி என்ன செய்தது? ‘உங்களுக்குத் தகுதி இல்லை’ என்று அனுப்பவில்லை. கம்ப்யூட்டரை அடிப்படையில் இருந்து சொல்லிக் கொடுக்கத் தனியாக ஒரு முகாம் வைத்தது.

இத்தனைக்கும் பிறகு முடிவு என்ன? ஏமி கோல்ட்ஸ்டீன் என்ற பத்திரிகையாளர் அந்த ஊரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து ‘ஜேன்ஸ்வில்’ என்று 2017-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வேலையிழந்து கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்களையும், படிக்கப் போகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிக்கப் போனவர்களின் நிலை மேலாக இருக்கவில்லை. சம்பளத்தில் அவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

அப்போ படிப்பே வேஸ்ட்டுன்னு அர்த்தமா? அவசரப்படக் கூடாது. அந்த நேரத்தில் அந்த ஊரில் வேலையே இல்லை. நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தது. பயிற்சி என்பது வேலையைப் பிடிக்க உதவுகிற ஏணி. ஏணியைச் சாத்துறதுக்குச் சுவரே இல்லைன்னா என்ன பண்றது?

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, ஆலை மூடின பிறகு பயிற்சி என்பது தாமதம். வேலையில் இருக்கும்போதே படிக்க வழி வேண்டும். இரண்டு, அங்கே கடைசி வரை பின்தொடர்ந்து கணக்குப் பார்த்தார்கள். படித்தவனுக்கு வேலை கிடைத்ததா, எவ்வளவு சம்பளம் என்று பார்த்ததால்தான் உண்மை வெளியே வந்தது. இந்த இரண்டையும் மனசுல வச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ஊருக்குக் கம்யூனிட்டி காலேஜ் புதுசு இல்லை. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1996-ல் சென்னையில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளியில் பாதியில் நின்றவர்கள், பன்னிரண்டாவதில் தோற்றவர்கள், ஏழைப் பெண்கள், இவர்களுக்குக் கைத்தொழிலோடு வாழ்க்கைக்கான திறமையும் சொல்லிக் கொடுத்து, உள்ளூரிலேயே வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு அது பரவியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

பிறகு 2009-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுவதற்கும் ஒரு சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான மையங்கள் சேர்ந்தன. சில வருஷத்திலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அடுத்து 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருக்கிற கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்த நிதி கொடுத்தார்கள்.

கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் புதுப் பேரு, புதுத் திட்டம், புது போர்டு. திட்டம் இருக்கிற வரைக்கும் காசு வரும். காசு வர்ற வரைக்கும் கான்ட்ராக்ட்ல ஒரு வாத்தியார் இருப்பார். திட்டம் முடிஞ்சா வாத்தியார் போயிடுவார், வகுப்பு போயிடும், போர்டு மட்டும் சுவத்துல துருப்பிடிச்சு நிற்கும். நடுவுல படிச்சவன் சர்டிபிகேட்டைக் கொண்டு போய் நீட்டினா, ‘இது எந்த யுனிவர்சிட்டி, செல்லுமா?’ன்னு கேட்பாங்க. பத்தாம் வகுப்புக்கு யாராவது இப்படித் திட்டம் போட்டு நடத்துவாங்களா? ‘மூணு வருஷத்துக்குத்தான் பத்தாங்கிளாஸ் உண்டு, அப்புறம் பார்ப்போம்’னு சொல்ல முடியுமா? தொழிலாளி படிப்புன்னா மட்டும் ஏன் அது நிரந்தரம் இல்லாத படிப்பு?

சரி, நிரந்தரமாக இருக்கிற நிறுவனம் எது? அரசு ஐ.டி.ஐ. 1950-ல் இருந்து கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும், ஐ.டி.ஐ.ல சேர வயசு வரம்பு என்னன்னு? 14 முதல் 40 வயது வரை ஆண்கள் சேரலாம். பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. ஐம்பது வயது அம்மாகூடப் போய்ச் சேரலாம். சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

அப்புறம் ஏன் 35 வயசுக்காரர் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகல? பகல் முழுக்க வகுப்பு. அதுவும் ஒரு வருஷம், இரண்டு வருஷம். வேலையை விட்டாத்தான் போக முடியும். வேலையை விட்டா மாசம் 750 ரூபா. ஒரு கேஸ் சிலிண்டருக்கே அது பத்தாது. அப்போ கதவைப் பூட்டினது எது? வயசு இல்லை தோழர்களே, டைம்டேபிள்.

‘அப்படின்னா சாயங்கால வகுப்பு வச்சாப் போச்சு’ன்னு சிலர் சொல்வாங்க. பாதிதான் சரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாயங்காலம் 6 மணி முதல் 8 மணி வரை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நம்ம தோழர் ஷிப்ட்ல இருக்கார். வாரம் ஒரு ஷிப்ட். முதல் வாரம் காலை 6 முதல் 2 வரை. வகுப்புக்கு வந்துடலாம். அடுத்த வாரம் மதியம் 2 முதல் ராத்திரி 10 வரை. வகுப்புக்கு வர முடியாது. மூணாவது வாரம் ராத்திரி 10 முதல் காலை 6 வரை. தூங்கி எழுந்து வகுப்புக்கு வந்துட்டு அப்படியே வேலைக்குப் போகலாம். ஆக, மூணு வாரத்துல ஒரு வாரம் போச்சு. நூத்துக்கு முப்பத்து மூணு போச்சு. ஐ.டி.ஐ. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். அதே விதியை இங்கேயும் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள்கூடச் சோம்பேறித்தனமா மட்டம் போடாத தொழிலாளி 67 சதவீதத்துல நிற்பார். பரீட்சை எழுத விடமாட்டாங்க. ‘தொழிலாளிக்கு ஆர்வம் இல்லை, பாதியில நின்னுட்டான்’னு ரிப்போர்ட் எழுதுவாங்க.

இதுக்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானமா? கிடையாது. அதே பாடத்தைக் காலை 10 மணிக்கு ஒரு தடவையும் சாயங்காலம் 6 மணிக்கு ஒரு தடவையும் நடத்துங்க. செகண்ட் ஷிப்ட் வாரத்துல காலையில வருவார், மத்த ரெண்டு வாரமும் சாயங்காலம் வருவார். ஒரு பாடம்கூட விட்டுப் போகாது. ஷிப்ட்ல வேலை செஞ்ச ஒருத்தர் அந்தக் குழுவுல இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பார். அதனால்தான் நிர்வாகத்தில் தொழிலாளிக்கு இடம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

உடனே இன்னொரு கேள்வி வரும். ‘ரெண்டு தடவை பாடம் எடுக்க வாத்தியார் யாரு?’ நியாயமான கேள்வி. பகல் முழுக்க நின்று பயிற்சி கொடுத்த அதே பயிற்றுநர் தலையில் சாயங்கால வகுப்பையும் கட்டக் கூடாது. அவரும் தொழிலாளிதான். புதுப் பணியிடம் வேண்டும். நிரந்தரப் பணியிடமாக வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்த டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் நடந்திருக்கிறது. ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்திருக்கிறது. குறுகியகாலப் பயிற்சிக்கும் அதில் இடம் உண்டு. நல்ல விஷயம், நல்ல விஷயம்னே சொல்வோம். ஆனா இத்தனை கோடி ரூபா மெஷின் பகல் வகுப்போட நின்னுடக் கூடாது. மெஷினுக்குக் காசு கிடைக்கும்போது, அதைச் சொல்லிக் கொடுக்கிற மனுஷனுக்கும் காசு கிடைக்கணும்.

அடுத்து, கணக்கு. இதுதான் முக்கியமான இடம்.

ஒன்றிய அரசு 2015-ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி, இத்தனை லட்சம் பேருக்குச் சான்றிதழ் என்று விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. 2016-ல் அரசே சாரதா பிரசாத் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு என்ன சொன்னது தெரியுமா? எந்தத் துறைக்கு எத்தனை பேர் தேவை என்று பார்க்காமல் இலக்கு வைத்தார்கள், எல்லோரும் எண்ணிக்கையைத் துரத்தினார்கள், இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கவில்லை, தொழிலின் தேவையும் தீரவில்லை என்று சொன்னது. எதிர்க்கட்சி சொல்லலை, அரசு போட்ட குழு சொன்னது.

அதுக்கு அப்புறமாவது திருந்தினாங்களா? முதல் மூன்று கட்டங்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஓரளவு கணக்கு வைத்தார்கள். நான்காம் கட்டத்தில் வேலைவாய்ப்பைத் திட்டத்தில் இருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஜுரம் அடிக்குதான்னு பார்க்கிறதுக்குப் பதிலா, தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்ட கதை.

எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும். சேர்க்கையை எண்ணினா, சேர்க்கிறதுக்கு ஆள் பிடிப்பாங்க. சான்றிதழை எண்ணினா, சான்றிதழ் அச்சடிப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு வேலையில இருக்கானா, படிச்ச தொழில்லயே இருக்கானா, சம்பளம் முன்னைவிட ஏறியிருக்கான்னு எண்ணினா மட்டும்தான் ஒழுங்கா சொல்லிக் கொடுப்பாங்க. இது மாநிலத்துக்கும் பொருந்தும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். யாருடைய திட்டம் என்று பார்த்து அளவுகோலை மாற்றினால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், அப்ரண்டிஸ். தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 2019 விதித் திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். படித்துக்கொண்டே சம்பாதிக்க அருமையான வழி. ஆனால் அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் அவருக்குக் கிடையாது. உண்மையிலேயே கத்துக் கொடுத்தா இதுல தப்பில்லை. ஆனா முதல் நாளே லைன்ல நிறுத்தி, பெர்மனன்ட் தொழிலாளி செய்யற அதே வேலையை, அதே எண்ணிக்கையில வாங்கிட்டு, கையில உதவித்தொகையைக் கொடுத்து, வருஷம் முடிஞ்சதும் அனுப்பிட்டு அடுத்த பேட்சை எடுத்தா, அதுக்குப் பேரு பயிற்சியா? கத்துக் கொடுக்கிறாங்களான்னு யார் வந்து பார்க்கிறது? பக்கத்து ஐ.டி.ஐ.யிலிருந்து பயிற்றுநர் ஒருவர் மாதம் ஒருமுறை போய், ‘இந்த மாசம் என்ன கத்துக்கிட்டே?’ என்று அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்டாலே பாதி ஒழுங்காகிவிடும்.

‘கம்பெனியே ட்ரெயினிங் கொடுக்குதே, அரசு எதுக்கு?’ன்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கம்பெனி கொடுக்கும். தன் மெஷினுக்குத் தேவையானதை மட்டும் கொடுக்கும். அது தப்புன்னு சொல்லல, அது அவங்க கணக்கு. அந்த மெஷினை விட்டு வெளியே வந்தாலும் கூடவே வர்ற படிப்பைக் கம்பெனி கொடுக்காது. அதைப் பொதுக் கல்லூரிதான் கொடுக்க முடியும்.

ஆகவே தோழர்களே, நம் கட்சி முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று. தொழிற்பேட்டை உள்ள ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு அரசு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக்கில், வேலை செய்பவர்களுக்கான நிரந்தரப் பிரிவு தொடங்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிக்கு ஏற்றபடி ஒரே பாடம் இரண்டு நேரத்தில். திட்ட நிதியில் இல்லை, துறையின் வழக்கமான பட்ஜெட்டில்.

இரண்டு. பெரிய படிப்பைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இந்த வருஷம் இரண்டு பகுதி, குழந்தை பிறந்தால் ஒரு வருஷம் இடைவெளி, பிறகு வந்து மீதி. எல்லாம் சேர்ந்து முழுச் சான்றிதழாக வேண்டும். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு காகிதத்தில் இதற்கு இடம் கொடுக்கிறது. காகிதத்தில் இருப்பது தொழிலாளி கைக்கு வர வேண்டும்.

மூன்று. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு முழுநேர வழிகாட்டி அலுவலர். ‘என்கிட்ட பத்தாவதும் பன்னிரண்டு வருஷ அனுபவமும் இருக்கு, நான் என்ன படிக்கலாம்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள், ஒரு நாற்காலி.

நான்கு. படிக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு. தேர்வு நாளில் ஷிப்ட் மாற்றித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஐந்து. பயிற்சி முடிந்து ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வேலை, சம்பளம் பற்றிய கணக்கெடுப்பு. ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவும் அந்த வாசல் பலகையிலேயே ஒட்டப்பட வேண்டும்.

ஆறு. ஐ.டி.ஐ. மேலாண்மைக் குழுக்களில் தொழிலதிபர்களுக்கு இடம் இருப்பது போலத் தொழிற்சங்கத்துக்கும், அதில் ஒரு பெண் தொழிலாளிக்கும் இடம்.

கோரிக்கை வச்சிட்டுக் கைதட்டிட்டுப் போறதுக்கு நாம கூடல. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வேலை தர்றேன். அடுத்த முப்பது நாளுக்குள்ள உங்க பகுதி அரசு ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ நாலு பேரா போங்க. கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். முதல்வரை மரியாதையாப் பார்த்து நாலு கேள்வி கேளுங்க. வேலை செய்யறவங்க படிக்க இங்க என்ன வகுப்பு இருக்கு, எந்த நேரத்துல? பயிற்றுநர் இடம் எத்தனை காலி? போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் இப்போ வேலையில இருக்காங்க? உங்களுக்கு என்ன தேவைப்படுது?

அந்த நாலாவது கேள்வியைக் கண்டிப்பாக் கேளுங்க. அந்த முதல்வரும் பயிற்றுநர்களும் நமக்கு எதிரி இல்லை. பணியிடம் கேட்டு எழுதின கடிதத்துக்குப் பதில் வராம உட்கார்ந்திருக்கிறவங்க அவங்களுக்குள்ளயும் இருப்பாங்க. அவங்க சொல்றதை எழுதிக்கிட்டு வாங்க. பதில் சொல்ல மறுத்தா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, பத்து ரூபாதான். கிளைவாரியா வர்ற பதிலை எல்லாம் தொகுத்து மாவட்ட ஆட்சியர்கிட்டயும் துறை அமைச்சர்கிட்டயும் நேரில் கொடுப்போம். எந்த ஊர்ல என்ன நிலைமைன்னு இந்தப் பக்கத்துலயே வெளியிடுவோம்.

கடைசியா ஒண்ணு. எட்டு மணி நேர வேலைக்காக உலகம் பூராத் தொழிலாளிங்க போராடினப்போ என்ன கேட்டாங்க? எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் எங்களுக்கு. அந்த மூணாவது எட்டு மணி நேரத்துல படிக்கிற உரிமையும் சேர்ந்துதான் இருந்தது. இன்னைக்கு அந்த எட்டு மணி நேரத்தை ஓ.டி.யும் கம்பெனி பஸ்ஸும் தின்னுட்டு இருக்கு. அதுல ரெண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்கிறோம். பக்கத்துலயே ஒரு வகுப்பறை, சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார். இவ்வளவுதான் கேட்கிறோம். இது சலுகை இல்லை, பாக்கி.

போய்ட்டு வாங்க. முப்பது நாள் கழிச்சு, கேட்டு வந்த பதில்களோட சந்திப்போம்.



#தொழிலாளர்கல்வி #படிக்கும்உரிமை